மரமீனும் கை நீட்டாத நாட்களும்

11-11-91, திங்கள். 18.

விடிந்ததிலிருந்து அடைமழை. மண்ணெண்ணெய் வாங்கப் போகவில்லை. ஓடு இரண்டு இடத்தில் ஒழுகுகிறது, அடியில் குண்டான்.

தேதிக்குப் பக்கத்தில் இருக்கும் 18, நான் கை நீட்டாமல் இருந்த நாள் கணக்கு. எவன் மேலும். எழுதி வைத்தால் இது ஒன்றாவது ஒழுங்காக நடக்கும் என்று ஆரம்பித்தேன். கம்பெனியில் விசாரணை 28-ஆம் தேதி. அன்றைக்கு 35 ஆகவேண்டும்.

மறந்துபோகாமல் இருக்க: அக்டோபர் 24, செகண்ட் ஷிஃப்ட். நான் லேத்தில் கடைந்து அடுக்கிய நாற்பது புஷ்ஷையும் ஃபோர்மேன் ஸ்கிராப் தொட்டியில் கொட்டினான். சைஸ் எல்லாம் சரி. மைக்ரோமீட்டரை நீட்டினேன், பார்க்கக்கூட இல்லை. "ஏர் ஓட்டறவன் கையில லேத்த குடுத்தா இப்டிதான்" என்றான். விட்டேன் ஒன்று. கூலன்ட் தட்டின் மேல் போய் விழுந்தான். முன்பல் இரண்டு காலி. சஸ்பென்ஷன் கடிதம் அன்றைக்கே. வீட்டுக்கு வந்தால் சரோஜா வாசலிலேயே "ஏன்யா இப்டி பண்ண" என்று பிடித்துக்கொண்டாள். வீட்டிலும் கை நீண்டது. அதை எழுத மாட்டேன்.

மறுநாள் காலை சோறு வடித்துக்கொண்டே சொன்னாள். சத்தமே போடவில்லை. "இன்னொரு தபா உன் கை எழும்பிச்சின்னா பொண்ண கூட்டிகினு திருவள்ளூர்ல எங்கண்ணன் வூட்டுக்குப் போயிடுவேன். திரும்ப வரமாட்டேன்." கத்துகிறவள் கத்தாமல் சொன்னால்தான் பயமாக இருக்கிறது.

சங்கத்து ராமலிங்கம் சொன்னது வேறு. விசாரணை முடிகிறவரைக்கும் ஒரு அடிதடி, ஸ்டேஷனில் ஒரு மனு, அவ்வளவுதான், வேலை போச்சு, சங்கமும் காப்பாற்ற முடியாது. கையை பாக்கெட்டில் வைத்துக்கொள் என்றார். லுங்கியில் ஏது பாக்கெட். அதனால்தான் மரம் செதுக்க உட்கார்ந்தேன்.

மரமீன். போன வருடம் புது மெஷின் மாட்ட வந்த ஜப்பான்காரன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம்ம மணிமங்கலம் ஏரியில் தூண்டில் போட்டான். புழுவும் இல்லை, தவளையும் இல்லை. உள்ளங்கை நீளத்துக்கு ஒரு மரத்துண்டு, மீன் மாதிரி பெயின்ட், மூக்கில் சின்னத் தகடு, அடியில் மும்முனை முள். இழுத்தால் அடிபட்ட மீன் போல நெளிகிறது. விரால் பாய்ந்து கவ்வுகிறது. தகடு உடைந்ததும் முள்ளைக் கழற்றிக்கொண்டு கட்டையை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனான். அதைப் பார்த்துத்தான் செய்கிறேன். இதுவரை நாலு. நாலும் உருப்படவில்லை.

வாங்க வேண்டியது: உப்புத்தாள் (நைஸ்), பழைய சைக்கிள் ஸ்போக்ஸ், லாரி வீலில் வைக்கிற ஈயம், கருப்பு பெயின்ட் சின்ன டப்பா, சரோவுக்குக் காதுக்கு விடுகிற மருந்து.

13-11-91, புதன். 20.

தூறல். படப்பைக்குப் போய் பாய் பட்டறையில் அரை மணி நேரம் லேத் கேட்டேன். கொடுத்தார். கல்யாண முருங்கைக் கட்டை தண்ணீர் குடிக்கிறது, வேலைக்கு ஆகாது. பூவரசு நல்லது. நம்பர் 5, நம்பர் 6 கடைந்தேன். மரத்தைக்கூட அரை மில்லி பிசகாமல் கடைந்தேன். நடுசென்டரில் ஓட்டை, அதில் ஈயம். ஃபோர்மேன் நாய் வந்து பார்க்கவேண்டும்.

ஈயத்தைக் குழம்புக் கரண்டியில் காய்ச்சினேன். சரோஜா பார்த்துவிட்டாள். கரண்டியை எடுத்து வாசலில் வீசினாள். புதுக் கரண்டி வாங்கித் தரவேண்டும்.

தொட்டியில் விட்டு இழுத்தேன். நெளியவில்லை. டிரில் பிட் மாதிரி தன்னையே சுற்றிக்கொண்டு வருகிறது. தூண்டில் நரம்பு முழுக்க முறுக்கிக்கொண்டது. தகட்டை வளைத்தேன், குட்டையாக்கினேன், நீளமாக்கினேன். சுற்றுகிறது. மூன்று மணி நேரம். ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. அம்மிக்கல்லில் வைத்து சுத்தியால் இரண்டையும் அடித்தேன். ஈயம் தெறித்து சுவரில் ஒட்டியது.

மரத்தை அடித்தால் கணக்கில் வராது. சுவரும் வராது. மனுஷ ஜென்மம்தான் கணக்கு. 20 நிற்கிறது.

காலையில் படப்பையிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் சில்லறைத் தகராறு. கண்டக்டர் ஒருவனின் சட்டையைப் பிடித்தான், அவன் கண்டக்டரின் பையைப் பிடித்தான், பொம்பளைகள் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். ஒரு கிழவர் மூக்கில் ரத்தம். நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். உடம்பு நடுங்கியது. ஆசைதான், வேறென்ன.

14-11-91, வியாழன். 21.

வெயில் கொஞ்சம். ரேவதி பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் தினம், மிட்டாய் கொடுத்தார்களாம். எனக்கும் ஒன்று கொண்டுவந்தாள். ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு உள்ளே ஓடிவிட்டாள். மூன்றாம் வகுப்புப் படிக்கிற பெண்ணுக்கு இவ்வளவு வெட்கம் எதற்கு.

நம்பர் 7. மரம் பிளந்துவிட்டது. கத்தி கட்டைவிரலில் ஏறியது. வேப்பெண்ணெய் வைத்துக் கட்டினேன்.

17-11-91, ஞாயிறு. 24.

ஏரிக்குப் போனேன். நம்பர் 8, 9. மூங்கில் கழி, நரம்பு சுற்ற பால்பவுடர் டப்பா. கலங்கல் தாண்டித் தண்ணீர் போகிறது, ஏரி நிரம்பிவிட்டது. ஊர்ப்பிள்ளைகள் கெண்டைக்கு வலை அரிக்கிறார்கள்.

வேலு அங்கே இருந்தான். ஏரி மீனைக் குத்தகை எடுத்தவர் வைத்திருக்கும் காவல்காரன். ஆள் கட்டுமஸ்து. தூண்டில் போடுகிறவர்களை ஒன்றும் சொல்லமாட்டான், ஒரே ஒரு விஷயம் தவிர. அதை எனக்கும் சொன்னான். மழைக்காலத்தில் விரால் குஞ்சு பொரித்திருக்கும். குஞ்சுகள் சிவப்பாகக் கொத்தாக மேலே வந்து மூச்சு வாங்கும், அடியில் தாயும் தகப்பனும் காவல். அந்தக் குஞ்சு கறுக்கிறவரைக்கும் அந்தப் பக்கம் தூண்டில் போகக்கூடாது. பசியே இல்லாவிட்டாலும் கோபத்துக்குக் கடிக்கும் அந்தக் காவல் மீன், எதைப் போட்டாலும் கடிக்கும், அதனால் அதைப் பிடிப்பது ஆண்பிள்ளைத்தனம் இல்லை என்றான். எனக்குத் தெரியாதா, இந்த ஊர்க்காரன்தானே நான் என்றேன்.

8, 9 இரண்டும் பம்பரம். வலை அரித்தவன் ஒருவன் "அண்ணன் பூரிக்கட்டைய நனைக்கறாரு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவன் மூஞ்சியை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டேன். 28-க்கு அப்புறம்.

19-11-91, செவ்வாய். 26.

விஷயம் பிடிபட்டது. பிடித்தது நான் இல்லை, சரோஜா.

தொட்டியில் பாத்திரம் அலம்பிக்கொண்டிருந்தாள். ஜப்பான்காரன் கட்டையையும் என் நம்பர் 10-ஐயும் மிதக்க விட்டிருந்தேன். இரண்டையும் விரலால் தட்டிப் பார்த்தாள். ஜப்பான்காரன் கட்டை கவிழ்ந்தாலும் திரும்ப நிமிர்ந்துகொள்கிறது. என்னுடையது உருட்டிய பக்கமே கிடக்கிறது.

"இதுக்கு வயிறு எங்க கீது, முதுகு எங்க கீதுன்னே தெரியலயே. அப்பறம் எப்டி மீனாட்டம் போவும்?" என்றாள். இந்த மாதத்தில் அவள் என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசியது இன்றைக்குத்தான்.

செருப்பால் அடித்தாற்போல் இருந்தது. பதினான்கு வருஷம் லேத்தில் நின்றவன் புத்தி. எதைக் கையில் எடுத்தாலும் சென்டர் எடுப்பேன். ஈயத்தை நடுசென்டரில் வைத்தால் எடை எந்தப் பக்கமும் சாயாது, சுற்றத்தான் செய்யும். சென்டருக்குக் கீழே, வயிற்றில் வைக்கவேண்டும். பக்கவாட்டைத் தட்டையாகச் சீவவேண்டும். சைஸ் தவறவேண்டும், அதுதான் வேலையே. அளவு பார்க்கிற வெர்னியரைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

இரண்டு கையும் பழக்கதோஷத்தில் உருண்டையாகவே செதுக்குகிறது. கஷ்டம்.

20-11-91, புதன். 27.

நம்பர் 12 நீந்துகிறது. நீந்துகிறது. தொட்டியின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு இடுப்பை ஆட்டிக்கொண்டு போனது. பத்து தடவை இழுத்துப் பார்த்தேன், பதினொன்றாவது சரோஜா இழுத்தாள். ஒரு நிமிஷம் சிரித்தாள். காது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். இன்னும் இடதுபக்கம் விசில் அடிக்கிறது என்றாள். சிரிப்பு நின்றுவிட்டது.

முதுகு கருப்பு. கிழிந்த கொசுவலையை மேலே போர்த்தி வெள்ளி பெயின்ட் ஒற்றினால் செதில் வருகிறது. செவுளுக்கு அவளுடைய சிவப்பு நகப்பாலிஷ், கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். ஸ்போக்ஸ் கம்பி தலை முதல் வால் வரை உள்ளே ஓடுகிறது, பத்து கிலோ இழுத்தாலும் பிய்யாது. மும்முனை முள் இரண்டு. அரத்தால் கூர் போட்டேன். நகத்தில் வைத்தால் வழுக்காமல் குத்தி நிற்கிறது.

23-11-91, சனி. 30.

மழை, காற்று. காலையில் ஏரி. எட்டு மணி முதல் ஒரு மணி வரை. 12, 13 இரண்டும் நன்றாக நீந்துகின்றன, ஒரு மீன்கூட மூச்சு விடவில்லை. தண்ணீர் கலங்கிக் கிடக்கிறது. 13 பாசியில் மாட்டி நரம்பு அறுந்தது. இடுப்பளவு இறங்கித் தேடினேன். அட்டை கடித்ததுதான் மிச்சம். மேலே நின்று வேடிக்கை பார்த்த ஒருவன், மார்க்கெட்டில் விரால் கிடைக்கிறது, அங்கே போட்டுப் பாரு என்றான்.

வீட்டுக்கு வந்து பக்கெட்டை உதைத்தேன். உடைந்தது. பக்கெட் கணக்கில் வராது. சரோஜா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். ரேவதியைக் காணோம். பக்கத்து வீட்டிலிருந்து இருட்டிய பிறகுதான் வந்தாள்.

24-11-91, ஞாயிறு. 31.

சாயங்காலம் எழுதுகிறேன். இடது உள்ளங்கை பொரித்த பூரி மாதிரி வீங்கியிருக்கிறது. வரிசையாக எழுத வேண்டும்.

சரோஜா சேலையூரில் காதுகுத்துக்குப் போனாள். ரேவதிக்குச் சளி, என்னோடு விட்டுப் போனாள். ஏரிக்கு அவளையும் கூட்டிப் போனேன். மழை விட்டிருந்தது. கரையில் பனைமரத்துக்குக் கீழே உட்கார வைத்தேன்.

ஒன்பது மணி இருக்கும். கோரைக்கு நடுவே சிவப்பாக ஒரு கொத்து மேலே வந்தது. குங்குமத்தைக் கொட்டினாற்போல். விரால் குஞ்சு. முதலில் வேறு பக்கம்தான் போட்டேன். ஒரு மணி நேரம் வேறு பக்கம்தான் போட்டேன். ஒன்றும் இல்லை. பதிமூன்று மரமீன் செய்திருக்கிறேன், ஒரு கடி இல்லை. அந்தக் கொத்து என் கண்ணெதிரில் எழும்புவதும் அமுங்குவதுமாக. வேலு இருக்கிறானா என்று சுற்றிலும் பார்த்தேன், இல்லை. குஞ்சுகளுக்கு அந்தப்பக்கம் போட்டு அதன் நடுவிலேயே இழுத்தேன்.

தண்ணீர் வெடித்தது. கவ்வியது இல்லை அது, அடித்தது. நரம்பு விரலைக் கிழித்துக்கொண்டு ஓடியது. கழி முறிந்தது. வெறும் கையால் இழுத்துக் கரையில் போட்டேன். என் முழங்கையைவிட நீளம். வாயில் ஒரு முள், நம்பர் 12 குறுக்கே தொங்குகிறது. கழற்றலாம் என்று இடது கையால் பிடித்தேன். ஒரு துள்ளு. இரண்டாவது முள் என் உள்ளங்கைக்குள் போய்விட்டது. எலும்பு வரைக்கும்.

ஒரு மரத்துண்டில் இந்தப் பக்கம் மீன், அந்தப் பக்கம் நான். அது ஒவ்வொரு தடவை துள்ளும்போதும் முள் உள்ளே இறங்குகிறது. கத்தினேன். காலால் மிதித்தேன், வழுக்கியது. கையில் கல் சிக்கியது. அடித்தேன். தலையில். துள்ளியது. அடித்தேன். துள்ளல் நின்றது. நின்றது தெரிந்தது. ஆனாலும் கை நிற்கவில்லை. ஃபோர்மேன், பூரிக்கட்டை என்றவன், சஸ்பென்ஷன் கடிதம், எல்லாம் அந்தத் தலையில்தான் இருந்தது. கண் தெறித்துப் போனது. சுகமாக இருந்தது. பொய் எழுதுவதற்கு இது எதற்கு, சுகமாகத்தான் இருந்தது.

நிமிர்ந்தால் ரேவதி பனைமரத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். வாம்மா என்றேன். வரவில்லை.

வேலு வந்தான். கத்தியது கேட்டிருக்கும். மீனைப் பார்த்தான், கோரையைப் பார்த்தான். அங்கே சிவப்புக் கொத்து சிதறிவிட்டது, கெண்டைகள் குஞ்சுகளைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தன. என் கன்னத்தில் விட்டான். இன்னொன்று. வாயில் உப்புக் கரித்தது.

"குஞ்சு மேய்க்கறத அடிச்சிகீறியேடா. உன் பொண்ண பக்கத்துல வெச்சிகினே அடிச்சிகீறியே" என்றான்.

வலது கையில் கல் அப்படியே இருந்தது. அவன் நெற்றி ஒரு முழ தூரம். 28-ஆம் தேதி. திருவள்ளூர். கல்லைக் கீழே போட்டேன். வேலு அதைக் காலால் தண்ணீருக்குள் தள்ளிவிட்டு, வாயிலிருந்த முள்ளைப் பிய்த்து மீனைத் தூக்கி என் காலடியில் எறிந்து, தின்னு என்று சொல்லிவிட்டுப் போனான்.

மதியம் சரோஜா வந்து பார்த்தாள். முள்ளைத் திரும்ப இழுத்தால் சதை வரும். முன்பக்கமே தள்ளிக் கூர்முனையை வெளியே கொண்டுவந்து பிளையரால் நறுக்கினாள். பல்லைக் கடித்தேன், வாயில் துண்டு. வேலு அடித்ததைச் சொன்னேன். நீ? என்றாள். அடிக்கல என்றேன். என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் சுடச்சுடச் சோறு போட்டாள். எனக்கு அழுகை வந்தது. 31 நிற்கிறது. கல் கையில் இருந்தும் நிற்கிறது.

விரால் குழம்பு. ரேவதி தொடவில்லை. சளியாக இருக்கும்.

25-11-91, திங்கள். 32.

படப்பையில் ஊசி போட்டேன். ஆஸ்பத்திரியில் கூட்டம். காத்திருந்தவன் ஒருவன், ஏரியில் ஒரு விரால் மட்டும் கோரையைச் சுற்றிச் சுற்றி வருகிறது, பித்துப் பிடித்த மாதிரி எதைப் போட்டாலும் பாய்கிறது என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். தகப்பன் மீன். மீதி குஞ்சு இருக்கிறது போல. நான் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டேன்.

ராமலிங்கம் வீட்டுக்கே வந்தார். வேலு விஷயம் அவர் காதுக்கும் போய்விட்டது. திருப்பி அடிக்கலயாமே, நீ தேறிட்டடா குணா என்று முதுகில் தட்டினார். விசாரணையில் சொல்லவேண்டியதைச் சொல்லிக் கொடுத்தார். ஒப்புக்கொள், வருத்தம் தெரிவி, மேலே ஒரு வார்த்தை பேசாதே.

சரோஜாவும் ரேவதியும் அடுக்களையில் குசுகுசுவென்று பேசுகிறார்கள். நான் போனால் நிறுத்திவிடுகிறார்கள். பள்ளிக்கூடத்து விஷயமோ என்னவோ.

28-11-91, வியாழன். 35.

வெயில். ஐந்து மணிக்கே எழுந்து சவரம், சலவைச் சட்டை.

விசாரணை அறையில் ஃபோர்மேன் எதிரே உட்கார்ந்திருந்தான். பொய்ப்பல் கட்டியிருக்கிறான். அதிகாரி காகிதம் எடுக்க உள்ளே போன சமயத்தில், மீன் வியாபாரம் எப்படிப் போகிறது என்று கேட்டான். கட்டுப்போட்ட கையைப் பார்த்து, யார் அடித்தது, பெண்டாட்டியா என்றான். நான் அடிக்கட்டும் என்றுதான் கேட்கிறான். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே எல்லாம் கொதித்தது, மேலே ஒரு சொட்டு சிந்தவில்லை. வருத்தம் தெரிவித்து எழுதிக் கொடுத்தேன். ஒரு இன்கிரிமென்ட் வெட்டு. திங்கட்கிழமை ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டுக்கு வரலாம்.

ராமலிங்கம் டீ வாங்கிக் கொடுத்தார். நான் அரைக் கிலோ மைசூர்பாகு, குழம்புக் கரண்டி ஒன்று, புது பக்கெட் ஒன்று வாங்கினேன்.

வீட்டுக்கு வந்தால் டிரங்குப் பெட்டி நடுவீட்டில். ரேவதி செருப்பு போட்டுக்கொண்டு நிற்கிறாள். சரோஜா புடவை மாற்றியிருந்தாள். வேலை கிடைத்துவிட்டது என்றேன். நல்லது என்றாள். முப்பத்தைந்து நாள் யாரையும் தொடவில்லையே, வேலு அடித்தும் தொடவில்லையே என்றேன். இந்த நோட்டை எடுத்துக் காட்டினேன். வாங்கிப் பார்க்கவில்லை.

"மீனதான அடிச்சேன், சரோ."

"மீனதான்யா. செத்தப்பறமும் அடிச்சியாமே. இருவத்திரெண்டு. பொண்ணு எண்ணிகீது. நீ அடிக்கறப்பல்லாம் அது கண்ண மூடிகினு எண்ணும். எப்ப முடியும்னு தெரிஞ்சிக்க. நானே முந்தாநாத்துதான் கேட்டேன்."

கோபம் வருமா என்று பார்த்தேன், வரவில்லை. பெட்டியை நான்தான் பஸ் ஸ்டாப் வரைக்கும் தூக்கிப் போனேன், ஒற்றைக் கையால். சரோஜா கொஞ்சம் முன்னால் நடந்தாள். தாம்பரம் பஸ் இன்னும் வரவில்லை. ரேவதி பக்கத்தில் குனிந்து, அம்மாவை அடித்தபோது எத்தனை எண்ணினாய் என்று கேட்டேன். ஒன்றிரண்டுதான் இருக்கும் என்று நினைத்தேன்.

அவள் அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் என் கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள்.

"எந்தத் தபா, நைனா?" என்றாள்.

பஸ் வந்துவிட்டது.